திரையில் மருத்துவர், தரையில் யார்?

பக்கவாதம் என்று நாம் அழைக்கும் நோய், உண்மையில் மூளையைத் தாக்கும் நோய். கை, கால் செயலிழப்பதும், வாய் கோணுவதும், பேச்சு குழறுவதும் அதன் வெளித்தோற்றங்கள் மட்டுமே. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலோ இந்நோய் வருகிறது. இரண்டில் அடைப்பினால் வருவதே அதிகம். 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1.19 கோடிப் பேர் புதிதாகப் பக்கவாதத்துக்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 73 லட்சம் பேர் அதனால் உயிரிழந்தனர் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. உயிர் பிழைத்தவர்களில் கணிசமானோர் எஞ்சிய வாழ்நாளைப் பிறர் துணையோடு கழிக்கின்றனர்.

ஒரு காலத்தில் பக்கவாதம் வந்தால் அது விதி என்று ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிலை 1995 டிசம்பரில் மாறியது. அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு அப்போது வெளியானது. நோய் தாக்கிய 3 மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் என்னும், ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால், மூன்று மாதங்களுக்குப் பிறகு முடக்கமின்றியோ மிகக் குறைந்த முடக்கத்துடனோ வாழும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடுகிறது என்று அது காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வொன்று அந்தக் கால வரம்பை நான்கரை மணி நேரமாக நீட்டியது. பெரிய ரத்தக் குழாயில் உள்ள அடைப்பை, தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அகற்றும் முறையின் பயனை 2015-இல் அடுத்தடுத்து வெளியான ஐந்து ஆய்வுகள் நிறுவின. தகுந்த நோயாளிகளுக்கு இந்த முறை 24 மணி நேரம் வரைகூடப் பயன் தரும் என்பது 2018-இல் தெளிவாயிற்று.

ஆக, சிகிச்சை இருக்கிறது என்பது தெரிந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், இந்தியாவில் பக்கவாதத்துக்கு ஆளாவோரில் பெரும்பாலோருக்கு அது இன்னும் எட்டவில்லை. இந்த இடைவெளியை நிரப்பத் தொலைமருத்துவம் வந்துவிட்டது என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. நகரத்தில் இருக்கும் நரம்பியல் மருத்துவர் திரையில் தோன்றுவார். கிராமத்து நோயாளி பிழைத்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை ஆய்வுகளின் துணைகொண்டு பார்ப்பது அவசியம். ஏனெனில், அரசுப் பணம் எங்கே செலவிடப்பட வேண்டும் என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

நிமிடங்களின் கணக்கு

பெரிய ரத்தக் குழாய் அடைபட்ட நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. எனவே, நான்கரை மணி நேரம் இருக்கிறதே என்று எவரும் ஆறுதல் கொள்ள இயலாது. அது வாசல் மூடும் நேரம். உள்ளே கிடைக்கும் பயன் ஒவ்வொரு நிமிடமும் குறைந்துகொண்டே வருகிறது.

இந்த நேரத்துக்குள் நடக்க வேண்டியவை பல. வீட்டில் உள்ளவர் அறிகுறியை அடையாளம் காண வேண்டும். அவசர ஊர்தி வர வேண்டும். அது அருகில் உள்ள ஏதோ ஒரு மருத்துவமனைக்குச் செல்லாமல், சி.டி. ஸ்கேன் கருவி இயங்கும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பா, கசிவா என்பதை வெளித்தோற்றத்தை வைத்து எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஸ்கேன் ஒன்றே அதைக் காட்டும். கசிவு உள்ளவருக்குக் கட்டைக் கரைக்கும் மருந்தைக் கொடுப்பது உயிருக்கே உலையாகிவிடும். அடைப்பு என்று உறுதியான பிறகும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. 1995-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு மூளையில் பாதிப்பை ஏற்படுத்தும் ரத்தக்கசிவு உண்டாயிற்று. மருந்து பெறாதவர்களில் அது 0.6 சதவீதம் மட்டுமே. ஆனாலும், ஒட்டுமொத்தக் கணக்கில் மருந்தின் பயனே மேலோங்கியது.

இந்தக் கணக்கு ஆய்வாளருக்கு எளிது. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு வட்ட மருத்துவமனையில் தனியாகப் பணியிலிருக்கும் இளம் மருத்துவருக்கு அது எளிதன்று. அவர் மருந்தைக் கொடுத்து நோயாளிக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டால், கேள்வி அவரை நோக்கி வரும். மருந்தைக் கொடுக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால், வழியில் இழக்கப்பட்ட நரம்பணுக்களுக்காக யாரும் அவரிடம் விளக்கம் கேட்கப்போவதில்லை. செயலுக்குத் தண்டனை உண்டு, செயலின்மைக்கு இல்லை என்ற அமைப்பில், எந்த மனிதரும் செயலின்மையையே தேர்ந்தெடுப்பார். இதை அந்த மருத்துவரின் குறையாகப் பார்க்காமல், ஊக்குவிப்பு முறையின் குறையாகப் பார்ப்பதே பொருளியலார் வழக்கம்.

வல்லுநர் பற்றாக்குறையும் தொலைமருத்துவமும்

இந்தியாவின் நரம்பியல் மருத்துவர்கள் 140 கோடி மக்களுக்குச் சில ஆயிரம் பேரே. அவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கின்றனர். ஒரு மாவட்ட மருத்துவமனையில் இரவும் பகலும் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பணியில் வைக்க வேண்டுமெனில், விடுப்பையும் ஓய்வையும் கணக்கிட்டால் நான்கைந்து பேர் தேவை. அந்த மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் வந்துசேரும் பக்கவாத நோயாளிகள் நாளொன்றுக்கு ஓரிருவராகத்தான் இருப்பர். எனவே, அந்தச் செலவை எந்த அரசும் ஏற்காது. ஒரு வல்லுநரின் நேரத்தைப் பல மருத்துவமனைகள் பகிர்ந்துகொண்டால், அதே செலவு நியாயமானதாகிவிடும். தொலைமருத்துவத்தின் பொருளாதார அடிப்படை இதுதான்.

பக்கவாதத்துக்குத் தொலைவிலிருந்து சிகிச்சை வழிகாட்டலாம் என்ற கருத்தை அமெரிக்க மருத்துவர்கள் இருவர் 1999-இல் முன்வைத்தனர். நடைமுறை எளிதானது. சிறிய மருத்துவமனையில் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்படுகிறது. படம் மைய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது. அங்குள்ள நரம்பியல் மருத்துவர் காணொலியில் நோயாளியைப் பார்க்கிறார். கையைத் தூக்கச் சொல்கிறார். பெயரைச் சொல்லச் சொல்கிறார். கண் அசைவைக் கவனிக்கிறார். அருகில் இருக்கும் மருத்துவரோ செவிலியரோ உதவ, நோயின் கடுமையைப் பூஜ்யம் முதல் 42 வரையிலான அளவுகோலில் மதிப்பிடுகிறார். பிறகு, மருந்து கொடுக்கலாமா, கூடாதா என்று சொல்கிறார்.

திரையில் பார்ப்பதற்கும் தொலைபேசியில் கேட்பதற்கும் வேறுபாடு உண்டா? கலிஃபோர்னியாவில் 222 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. காணொலி வழியாக எடுக்கப்பட்ட முடிவுகளில் 98 சதவீதமும், தொலைபேசி வழியாக எடுக்கப்பட்டவற்றில் 82 சதவீதமும் சரியானவையாக இருந்தன. ஆனால், அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மூன்று மாதங்களுக்குப் பிறகு இரு பிரிவினரின் உடல்நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அத்தகைய வேறுபாட்டைக் கண்டறியும் அளவுக்கு அந்த ஆய்வு பெரியது அன்று என்பது உண்மை. எனினும், சரியான முடிவும் நல்ல விளைவும் ஒன்றல்ல என்பதை அது நமக்கு நினைவூட்டியது. முடிவுக்கும் விளைவுக்கும் இடையே வேறு பல நிலைகள் இருக்கின்றன.

பவேரியா காட்டிய வழி

அந்த நிலைகள் எவை என்பதை ஜெர்மனியின் பவேரியா மாநிலம் காட்டியது. மியூனிக், ரீகன்ஸ்பர்க் ஆகிய இரு நகரங்களில் உள்ள பக்கவாத மையங்களுடன் 12 வட்டார மருத்துவமனைகளை இணைக்கும் திட்டம் 2003-இல் அங்கு தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் சேர்ந்த ஐந்து மருத்துவமனைகளையும், அவற்றை ஒத்த, ஆனால் திட்டத்தில் சேராத ஐந்து மருத்துவமனைகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 3,122 நோயாளிகள் கணக்கில் கொள்ளப்பட்டனர். மூன்று மாதங்களுக்குப் பிறகு, இறப்பு அல்லது கடுமையான முடக்கம் போன்ற மோசமான விளைவுகளுக்கு ஆளானோர், திட்டத்தில் சேராத மருத்துவமனைகளில் 54 சதவீதம். சேர்ந்தவற்றில் 44 சதவீதம். நூற்றுக்குப் பத்துப் பேர் என்பது மருத்துவத்தில் மிகப் பெரிய வேறுபாடு.

இந்தப் பத்துப் பேரைக் காப்பாற்றியது கணினித் திரையா? பலரும் அப்படித்தான் எண்ணினர். ஆனால், தொடக்கக் காலத்தில் அந்த மருத்துவமனைகளில் கட்டைக் கரைக்கும் மருந்தைப் பெற்றவர்கள் நூற்றில் மிகச் சிலரே. அவர்களால் மட்டும் பத்துச் சதவீத வேறுபாடு வந்திருக்க இயலாது. திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு மருத்துவமனையும் பக்கவாத நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவை அமைத்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் பயிற்சி பெற்றனர். சிகிச்சைக்கு ஒரே சீரான நெறிமுறை வகுக்கப்பட்டது. தொலைமருத்துவம் அந்த முழு ஏற்பாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில், அந்த வலையமைப்பில் மருந்து பெற்றவர்களின் விகிதம் 2.6 சதவீதத்திலிருந்து 15.5 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனை வாசலை அடைந்தது முதல் மருந்து ஏறும் வரையிலான நேரம் 80 நிமிடங்களிலிருந்து 40 நிமிடங்களாகக் குறைந்தது.

தனிப் பிரிவில் அப்படி என்ன நடக்கிறது என்ற கேள்வி எழலாம். நோயாளிக்கு விழுங்க இயலுகிறதா என்று சோதித்த பிறகே உணவு தரப்படுகிறது. இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா வரும். காய்ச்சல் உடனுக்குடன் தணிக்கப்படுகிறது. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வைக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய இந்த மூன்றையும் செவிலியர்கள் ஒழுங்காகக் கவனிப்பதால் மட்டும் என்ன பயன் விளைகிறது என்று 19 மருத்துவமனைப் பிரிவுகளில் ஆராய்ந்தனர். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், மூன்று மாதங்களில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்திருந்தோர் வழக்கமான பராமரிப்பில் 58 சதவீதம். செவிலியர் நெறிமுறை கடைப்பிடிக்கப்பட்ட இடங்களில் 42 சதவீதம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் போதிய எண்ணிக்கையில் தேவைப்பட்டனர்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான பெரிய ஆய்வு, சற்று அடக்கமான முடிவைத் தருகிறது. தொலைமருத்துவ வசதி உள்ள மருத்துவமனைகளில் ரத்த ஓட்டத்தை மீட்கும் சிகிச்சை பெற்றவர்கள் 6.8 சதவீதம், வசதி இல்லாதவற்றில் 6.0 சதவீதம். முப்பது நாள் இறப்பு விகிதம் முறையே 13.1, 13.6 சதவீதம். வேறுபாடு சிறியது, ஆனால், உண்மையானது. சிகிச்சை பெறுவோரின் விகிதம் மிகச் சிறிய மருத்துவமனைகளிலும் கிராமப்புற நோயாளிகளிடமும் அதிகமாகக் கூடியிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஒரு வளையமும் ஒரு விண்கலமும்

இந்த ஆய்வுகளை ஒருசேரப் புரிந்துகொள்ளப் பொருளியலில் ஒரு கருத்து துணைநிற்கிறது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. பல ஆயிரம் பாகங்கள் பழுதின்றி இயங்கிய அந்தக் கலத்தை அழித்தது, ‘ஓ-வளையம்’ என்னும் ஓர் இணைப்பு வளையத்தின் கோளாறு. அதையே பெயராகக் கொண்டு, 1993-இல் மைக்கேல் கிரெமர் ஒரு கோட்பாட்டை வகுத்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர் அவர். பல படிநிலைகளைக் கொண்ட பணியில் ஒவ்வொரு படிநிலையின் தரமும் மற்றவற்றுடன் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது என்பது அதன் சாரம்.

பக்கவாத சிகிச்சைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அறிகுறியை உணர்தல், சரியான மருத்துவமனையை அடைதல், ஸ்கேன், வல்லுநரின் முடிவு, மருந்தும் பராமரிப்பும் என ஐந்து படிநிலைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 50 சதவீதம் ஒழுங்காக நடப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், முழுப் பயனையும் பெறுவோர் நூற்றுக்கு மூன்று பேர். இப்போது பெரும் பொருட்செலவில் தொலைமருத்துவத்தைக் கொண்டுவந்து, வல்லுநரின் முடிவை மட்டும் 100 சதவீதமாக்குகிறோம். பயன்பெறுவோர் நூற்றுக்கு ஆறு பேர். இரு மடங்கு உயர்வு என்று விளம்பரம் செய்யலாம். ஆனால், ஆறு ஆறுதான். மாறாக, ஐந்து படிநிலைகளையும் 70 சதவீதத்துக்கு உயர்த்தினால், பயன்பெறுவோர் ஏறத்தாழ 17 பேர். எந்த ஒரு படிநிலையிலும் முழுமை தேவைப்படவில்லை. எதையும் கைவிடாமல் இருந்ததே போதுமானதாயிற்று.

இந்திய ஆய்வுகள் கற்பிப்பவை

இமாச்சலப் பிரதேசம் இதைச் செயலில் முயன்று பார்த்த மாநிலம். மலைப்பாதைகளில் பல மணி நேரம் பயணம் செய்தால்தான் நரம்பியல் மருத்துவரை அடைய இயலும் என்ற நிலையில், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைகளின் பொதுநல மருத்துவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் மருத்துவக் கல்லூரி வல்லுநர்களைக் கலந்தாலோசித்தனர். விலை மிகுந்த மருந்தை மாநில அரசே இலவசமாக வழங்கியது. தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கை சிறியதுதான். எனினும், பெரிய கட்டமைப்பு இல்லாமலும் இது இயலும் என்பதை அம்முயற்சி காட்டியது. அங்கு கைப்பேசி பயன் தந்ததற்குக் காரணம், ஸ்கேனும் மருந்தும் பயிற்சி பெற்ற மருத்துவரும் அதன் மறுமுனையில் இருந்ததே.

மறுமுனையில் அவை போதாதபோது என்ன நிகழும் என்பதை இந்தியாவின் இரு பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. முதலாவது, 2017-இல் வெளியானது. நாட்டின் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,250 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். மறுவாழ்வுப் பயிற்சியளிக்க வல்லுநர்கள் இல்லாததால், அந்தப் பணியைக் குடும்பத்தினருக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்பது ஆய்வின் கேள்வி. கேட்பதற்கு இனிய யோசனை, செலவும் குறைவு. ஆனால், ஆறு மாதங்களுக்குப் பிறகு, இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்திருந்தோர் பயிற்சி பெற்ற பிரிவிலும் 47 சதவீதம். பெறாத பிரிவிலும் 47 சதவீதம். அன்பும் அக்கறையும் மிகுந்த குடும்பத்தினராலும், பயின்ற சிகிச்சையாளரின் இடத்தை இட்டுநிரப்ப இயலவில்லை.

இரண்டாவது, 2023-இல் வெளியானது. பக்கவாதம் மீண்டும் வராமல் தடுக்க, 31 மையங்களைச் சேர்ந்த 4,298 நோயாளிகளில் ஒரு பாதியினருக்குப் பல இந்திய மொழிகளில் குறுஞ்செய்திகளும் காணொலிகளும் கையேடும் தரப்பட்டன. மீண்டும் பக்கவாதம், மாரடைப்பு, இறப்பு போன்றவற்றுக்கு ஆளானோர், செய்தி பெற்றவர்களில் 5.5 சதவீதம், பெறாதவர்களில் 4.9 சதவீதம். பயன் கிட்டும் வாய்ப்பு இல்லை என்று ஆய்வே முன்கூட்டி நிறுத்தப்பட்டது. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்வதும் மதுவைத் தவிர்ப்பதும் ஓரளவு கூடின என்பது உண்மை. ஆனால், அந்த முன்னேற்றம் ஓராண்டுக்குள் நோயைக் குறைக்கும் அளவுக்குச் செல்லவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. பல கோடி ரூபாயைத் திட்டமாக மாற்றுவதற்கு முன், பயன் உண்டா என்று சோதித்துப் பார்த்து, இல்லை என்று நேர்மையாக அறிவித்த ஆய்வாளர்கள் நாட்டுக்குப் பெரும் தொண்டு செய்திருக்கின்றனர். மலிவானது என்பதாலேயே ஒன்று சிக்கனமானது ஆகிவிடாது. பயனில்லாத மலிவு வீண்செலவே.

வீடு திரும்பிய பிறகு

பக்கவாதத்தின் செலவில் பெரும்பகுதி, மருத்துவமனையை விட்டு வந்த பிறகே தொடங்குகிறது. இயன்முறை சிகிச்சைக்கு வாரத்தில் பல நாள் சென்றுவர வேண்டும். வாகனச் செலவு, உடன் செல்பவரின் இழந்த கூலி, வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உடனிருக்க நேரும் நிலை ஆகியவை எந்த மருத்துவமனைக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். ஊதியமில்லாத அவரது உழைப்பு, நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் சேர்வதில்லை.

தொலைமருத்துவம் உண்மையான நம்பிக்கை தரும் இடம் இது. அமெரிக்காவில் 11 மையங்களில் 124 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் சிகிச்சை நிலையத்துக்கு வந்தும், மற்றவர்கள் வீட்டிலிருந்தபடி இணையம் வழியாகவும் ஆறு வாரங்கள் கைப்பயிற்சி பெற்றனர். இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் கிடைத்தது. இந்திய ஆய்வில் குடும்பப் பயிற்சி பயன் தராதபோது, இங்கு வீட்டுப் பயிற்சி எப்படிப் பயன் தந்தது? பயிற்சி முறையும் நோயாளிகளும் வேறானவை என்பதால் நேரடியாக ஒப்பிட இயலாது. எனினும், ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 36 அமர்வுகள் திட்டமிடப்பட்டு, அவற்றில் பாதியைத் தொழில்முறைச் சிகிச்சையாளரே நேரடியாகக் கண்காணித்தார். இங்கும் திரை வெறும் பாதையாக இருந்தது. அதன் வழியே ஒரு சிகிச்சையாளரின் நேரமும் திறனும் சென்று சேர்ந்தன.

தமிழ்நாட்டுக்கான பாடம்

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாதை அன்று. மாரடைப்புச் சிகிச்சையில் சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் 108 அவசர ஊர்தியையும் இணைத்து, இதயத் துடிப்பு வரைபடத்தைத் தொலைவிலிருந்தே பார்த்து முடிவெடுக்கும் முறை இம்மாநிலத்தில் நான்கு வட்டாரங்களில் சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளை உள்ளடக்கி 2017-இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. மாரடைப்புக்கு இயன்றது பக்கவாதத்துக்கும் இயலும். ஆனால், அதற்குச் சில முன்னுரிமைகள் வேண்டும்.

முதலாவது, இரவும் பகலும் இயங்கும் ஸ்கேன். கருவி வாங்குவது மூலதனச் செலவு. திறப்பு விழாவும் புகைப்படமும் அதற்கு உண்டு. அதை நள்ளிரவிலும் இயக்கும் தொழில்நுட்பரின் ஊதியம் தொடர்செலவு. அதற்கு விழா கிடையாது. ஆயினும், தொடர்செலவு இல்லாத மூலதனம் உறங்கும் மூலதனமே. எந்த மருத்துவமனையில் எந்நேரமும் ஸ்கேன் இயங்குகிறது என்பது அவசர ஊர்திப் பணியாளருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, மருந்து. ஆல்டிபிளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிபிளேஸை ஒரே ஊசியில் செலுத்திவிடலாம். அது ஆல்டிபிளேஸுக்குக் குறைந்ததன்று என்பதைக் கனடாவில் 1,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வு நிறுவியது. இம்மருந்து இந்தியாவிலேயே தயாராகிறது. சிறிய மருத்துவமனையில் ஊசியைச் செலுத்திவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாவது, பொறுப்பைப் பற்றிய தெளிவு. 2020 மார்ச்சில் வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள், மருத்துவர்கள் தமக்குள் தொலைவிலிருந்து கலந்தாலோசிப்பதற்கு இடமளிக்கின்றன. ஆனால், சிகிச்சைக்கான பொறுப்பு ஆலோசனை கேட்ட மருத்துவருடையதே என்கின்றன. பொதுவான நிலையில் இது சரியே. பக்கவாதம் போன்ற அவசரச் சிகிச்சையில், வகுக்கப்பட்ட நெறிமுறையைப் பின்பற்றிச் செயல்பட்ட மருத்துவருக்கு அரசு துணைநிற்கும் என்ற உறுதியும் சேர வேண்டும். இல்லையெனில், நள்ளிரவில் தனித்திருக்கும் அந்த இளம் மருத்துவர், திரையில் வல்லுநர் இருந்தாலும் ஊசியை எடுக்கத் தயங்குவார்.

நான்காவது, செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும். மாவட்ட மருத்துவமனைகளில் பக்கவாதப் பிரிவுக்கெனச் சில படுக்கைகளும், மாற்றம் செய்யப்படாத பயிற்சி பெற்ற செவிலியர் குழுவும் போதும். நூறு நோயாளிகளைச் சாதாரணப் பிரிவுக்குப் பதிலாகப் பக்கவாதப் பிரிவில் கவனித்தால், கூடுதலாக இருவர் உயிர் பிழைக்கின்றனர். ஆறு பேர் கூடுதலாகப் பிறர் துணையின்றி வாழ்கின்றனர் என்று பன்னாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வீடு திரும்பியவர்களுக்கோ, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஓர் அரிய வாய்ப்பு. வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பதும், ரத்த அழுத்த மாத்திரை வழங்குவதும் அதன் பணிகளில் அடங்கும். காணொலிப் பயிற்சியை இந்த வீட்டுச் சந்திப்புகளோடு இணைத்தால், ஒரு சிகிச்சையாளரால் மேலும் பலரைக் கவனிக்க இயலும்.

ஐந்தாவது, தடுப்பு. 32 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரை உள்ளடக்கி 2016-இல் வெளியான ஆய்வு, பக்கவாதத்தின் பெரும்பங்கு பத்துக் காரணிகளால் விளைகிறது என்றும், அவற்றில் உயர் ரத்த அழுத்தமே முதன்மையானது என்றும் கண்டது. ஊசிக்காகும் செலவில் ஒரு சிறு பங்கை ரத்த அழுத்த மாத்திரைக்குச் செலவிட்டால், பலருக்கு ஊசியே தேவைப்படாது. முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதைப் பள்ளிக் குழந்தைகளுக்கும் கற்பிக்க வேண்டும். வீட்டில் முதியவருக்கு அருகில் பல நேரங்களில் இருப்பவர்கள் அவர்களே.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கணக்கு வைத்தல் வேண்டும். எத்தனை காணொலி ஆலோசனைகள் நடந்தன என்று எண்ணுவது எளிது. அரசு அறிக்கைகளில் அந்த எண்ணே பளிச்சிடும். அறிகுறி தோன்றிய எவ்வளவு நேரத்தில் மருந்து ஏறியது, மூன்று மாதங்களுக்குப் பிறகு எத்தனை பேர் தாமாக எழுந்து நடக்கின்றனர் என்பவையே மக்களுக்குத் தேவையான எண்கள். மாவட்டம்தோறும் அவற்றைத் திரட்டி, ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் வந்தால், எந்தப் படிநிலை பலவீனமானது என்பது தானே வெளிப்படும்.

தொலைமருத்துவம் தூரத்தைக் குறைக்கும்; இல்லாததை உருவாக்காது. திரையின் அந்தப் பக்கம் இருக்கும் வல்லுநரின் அறிவு நோயாளியின் உடலைச் சென்றடைய வேண்டுமெனில், இந்தப் பக்கம் இயங்கும் ஒரு ஸ்கேன் கருவியும், கையிருப்பில் மருந்தும், தயக்கமில்லாத ஒரு மருத்துவரும், விழித்திருக்கும் ஒரு செவிலியரும் வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் தொலைமருத்துவத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்பவர்கள், இந்த நான்குக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்றும் சேர்த்துக் கேட்பது நலம்.